திதி பார்த்துச் செல்லவேண்டிய சிற்பங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மான்செஸ்டரில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, உங்கள் கட்டுரையை நம்பி, லிவர்பூலுக்கு அருகே கிராஸ்பி கடற்கரையில் பிரிட்டிஷ் சிற்பி ஆன்டனி கார்ம்லி நிறுத்தியிருக்கும் நூறு இரும்பு மனிதர்களைப் பார்க்கச் சென்றோம். ஆடிப் பௌர்ணமிக்கு மறுநாள், நண்பகல் வேளை. நீருக்கு மேலே ஏழெட்டுத் தலைகளும், கரையோரம் இடுப்பளவு நீரில் நின்ற சில உருவங்களும்தான் தெரிந்தன. அவற்றிலும் ஒன்றுக்கு யாரோ கால்பந்துச் சட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். ஒரே மனிதர் தன் உடம்பையே நூறு தடவை வார்த்து வைப்பது கலையா, தற்பெருமையா? மாமல்லபுரத்தில் ஒரே பாறையில் நூற்றுக்கும் மேற்பட்ட வெவ்வேறு உருவங்களைச் செதுக்கிய மரபில் வந்த நமக்கு இதில் வியக்க என்ன இருக்கிறது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

முதல் பிழை என்னுடையது. அந்தச் சிற்பங்களைப் பற்றி அவ்வளவு எழுதிய நான், எந்த வேளையில் போகவேண்டும் என்பதை எழுதத் தவறிவிட்டேன். பௌர்ணமியும் அமாவாசையும் கழிந்த ஓரிரு நாட்களில்தான் கடல் மிக உயரமாக ஏறும் என்பது பெரும்பாலான கரைகளுக்குப் பொது. லிவர்பூலில் அந்தப் பெரும் பெருக்கு ஏறத்தாழ நண்பகலிலும் நள்ளிரவிலுமே உச்சத்தைத் தொடும் என்பது அவ்விடத்திற்கே உரிய கணக்கு. பார்க்கவே முடியாத வேளையைத் தேர்ந்தெடுத்ததுபோல் நீங்கள் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறீர்கள்.

நம்முடையது மெரினாவில் பழகிய கண். சென்னையில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே நீர்மட்டம் ஏறி இறங்குவது ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் என்பதால், கடல் இருந்த இடத்தில்தான் இருக்கும், அலை மட்டுமே வந்துபோகும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். லிவர்பூல் விரிகுடாவிலோ பெரும் பெருக்கு நாட்களில் இந்த வேறுபாடு 8 மீட்டரையும் தாண்டுகிறது. கிராஸ்பியின் மணல்வெளி ஏறக்குறையச் சமதளம் என்பதால், வற்றும் நேரத்தில் கடல் எங்கே போயிற்று என்று தேடவேண்டியிருக்கும். அந்த வெளியில், கரை நெடுக 3 கிலோமீட்டருக்கும் கடலை நோக்கி ஏறத்தாழ 1 கிலோமீட்டருக்கும் பரவி, 189 சென்டிமீட்டர் உயரமும் 650 கிலோ எடையும் கொண்ட அந்த வார்ப்பிரும்பு உருவங்கள் அனைத்தும் தொடுவானத்தைப் பார்த்து நிற்கின்றன. நம் மெரினாவில் 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவிய சிலைகள் கடலுக்கு முதுகு காட்டிச் சாலையைப் பார்ப்பவை. அவை நமக்காக நிற்கின்றன. கிராஸ்பி மனிதர்கள் நமக்கு முதுகைத்தான் காட்டுகிறார்கள்.

நான் போனது நீர் இறங்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில். முதலில் தலை, பிறகு தோள், பிறகு தொங்கவிட்ட கைகள் என்று ஒவ்வொருவராக வெளிவந்தார்கள். கரைக்குப் பக்கத்தில் முழங்கால்வரை மணலில் புதைந்து நின்ற ஒருவரின் மார்பைத் தொட்டபோது, விரலில் துரு ஒட்டிக்கொண்டது. சற்றுத் தள்ளி நின்றவரின் தொடைகளில், படகின் அடிப்பகுதியில் ஒட்டி வளருமே, அந்தக் கொட்டலசு செதில் செதிலாக மூடியிருந்தது. எந்த உயரம்வரை ஒட்டியிருக்கிறதோ, அந்த உயரம்வரை கடலுக்கு அந்த உடம்பில் நாள்தோறும் பங்கு இருக்கிறது என்று அர்த்தம்.

தற்பெருமை என்ற உங்கள் கேள்வியை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். எனக்கும் அந்த ஐயம் இருந்தது. நூறும் கார்ம்லியின் உடம்பிலிருந்து எடுத்த 17 அச்சுகளில் வார்த்தவை. அச்செடுப்பதற்கு, உடம்பைச் சுற்றிச் சாந்து இறுகும்வரை அசையாமல், மூச்சை மட்டும் கவனித்துக்கொண்டு நிற்கவேண்டும். கார்ம்லி 1971 முதல் 1974 வரை இந்தியாவிலும் இலங்கையிலும் தங்கி விபாசனா தியானம் பயின்றவர். துறவியாகிவிடலாமா என்றுகூட யோசித்தவர். அதை அறிந்தபிறகு உருவங்களை அருகில் பார்த்தால், ஒன்றில் மார்பு சற்று விரிந்தும், வேறொன்றில் தளர்ந்தும் இருப்பது தெரியும். மூச்சு எந்த நிலையில் இருந்தபோது அந்த அச்சு எடுக்கப்பட்டது என்பதே அவற்றுக்கிடையிலான வேறுபாடு. முகத்தில் அடையாளம் சொல்லும்படி ஒன்றுமில்லை. தன் பெருமையைப் பறைசாற்ற நினைப்பவர் முகத்தையல்லவா முதலில் செதுக்கியிருப்பார்?

கால்பந்துச் சட்டையில் எனக்கு வருத்தமில்லை. பீடமும் கம்பிக்கூண்டும் இல்லாத சிலைக்கு ஊரார் செய்யும் உபசாரம் அது. ஜெர்மனியிலும் நார்வேயிலும் பெல்ஜியத்திலும் நின்றுவிட்டு 2005-இல் இங்கு வந்த இந்த உருவங்கள் மறு ஆண்டே வேறிடம் போகவேண்டியவை. பறவைகளுக்கும் சிறு படகுகளுக்கும் இடையூறு என்ற எதிர்ப்பையும் மீறி, 2007-இல் அவை அங்கேயே நிலைத்தன.

மாமல்லபுரத்தை நீங்கள் நினைவூட்டியது நல்லதாயிற்று. அந்தப் பாறையின் நடுப்பிளவில் நாகர்கள் மேலெழும் இடத்திற்கு மேலே நீர்த்தொட்டி இருந்ததற்கான தடயங்கள் உள்ளன. அங்கிருந்து நீர் இறங்கும்போதுதான் அது கங்கை. இன்று நாம் வறண்ட பிளவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம், அதாவது சிற்பத்தில் ஒரு பகுதியை மட்டும் பார்க்கிறோம். கிராஸ்பியில் உங்களுக்கு நடந்தது அதன் மறுதலை: அங்கே நீரைப் பார்த்தீர்கள், சிற்பத்தைத் தவறவிட்டீர்கள்.

மீண்டும் போகும் வாய்ப்பிருந்தால் ஒன்று சொல்கிறேன். நல்ல காரியத்திற்கு ஆகாதென்று நாம் ஒதுக்கும் அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்களில்தான் அங்கே நண்பகலில் நீர் வற்றியிருக்கும். மகனிடம் சொல்லி அன்றைய ஓத அட்டவணையையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். லிவர்பூலிலிருந்து சவுத்போர்ட் செல்லும் ரயிலில் ஏறி, பிளண்டல்சாண்ட்ஸ் அண்ட் கிராஸ்பி நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். தொலைவில் நிற்பவர்களைத் தொட்டுப் பார்க்கும் ஆசையில் மட்டும் உள்ளே போகவேண்டாம். சேறு காலைப் பிடித்துக்கொள்ளும், திரும்பும் நீர் நம்மைவிட வேகமாக வரும். கரையிலிருந்து 50 மீட்டருக்குள் நிற்பவர்களே போதும். வற்றும்போது போய், நீர் ஏறும்வரை காத்திருங்கள். ஒரு குடுவையில் தேநீரும் எடுத்துச் செல்லுங்கள், ஆடி மாதத்திலும் அங்கே காற்று குளிரும்.