கை காட்டிக் கடக்கிற ஆள்

'வெளிநாடு போனபோது, அதுவரை உங்களிடம் நீங்களே கவனிக்காத எந்தப் பழக்கம் கண்ணில் பட்டது?' என்பது கேள்வி. எனக்கு அது என் வலது கை.

அலுவலக வேலையாக மூன்று வாரம் பெர்லினில் இருந்தேன். இரண்டாம் நாள் ஜீப்ரா கிராசிங்கில் இறங்கினேன். வந்துகொண்டிருந்த கார் எனக்காக முன்பே நின்றுவிட்டது. நானோ உள்ளங்கையை அதன் பக்கம் நீட்டியபடி அரை ஓட்டமாகக் கடக்கிறேன். காரிலிருந்த பெண்மணி சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையை ஆட்டினார். வணக்கம் வைக்கிறேன் என்று நினைத்திருப்பார்! அண்ணா சாலையை இத்தனை வருடமாக இந்தக் கையை வைத்துத்தான் கடந்திருக்கிறேன். அது 'நிறுத்து' என்ற அதட்டலா, 'பார்த்துப்பா' என்ற கெஞ்சலா என்று அன்றுதான் முதல்முறையாக யோசித்தேன். இரண்டும்தான் போல, வருவது ஆட்டோவா தண்ணி லாரியா என்பதைப் பொறுத்தது.

அங்கே நடப்பவர்களுக்கான சிக்னலில் தொப்பி போட்ட குட்டி மனிதன் ஒருவன் இருக்கிறான். 1961-இல் கிழக்கு பெர்லினில் கார்ல் பெக்லாவ் என்பவர் உருவாக்கியது. ஜெர்மனி ஒன்றான பிறகு அவனை மாற்றப் பார்த்தார்கள், மக்கள் விடவில்லை. அவன் சிவப்பாக இருக்கும்வரை, ராத்திரி பதினொரு மணிக்கு, ஒரு வண்டிகூட இல்லாத ரோட்டோரம் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மீறினால் அபராதம் வெறும் 5 யூரோ. அதற்குப் பயந்து நிற்கிற மாதிரித் தெரியவில்லை. (மீறுகிறவர்களும் உண்டு, சும்மா சொல்லக்கூடாது.) நானும் ஒருநாள் மீறினேன். பின்னாலிருந்து ஒரு பாட்டி ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னார். மொழி தெரியாவிட்டாலும் திட்டு திட்டுதானே.

அப்புறம் சுரங்க ரயிலில் நடந்தது. டிக்கெட்டைச் சரிபார்க்கும் கதவே இல்லாத ஸ்டேஷன்கள், உள்ளே சத்தமில்லாத பெட்டி. என் ஷூ பக்கத்து சீட்டுப் பெண்ணின் பையில் லேசாக இடித்துவிட்டது. அடுத்த நொடி என் கை தானாகக் குனிந்து அந்தப் பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனது. அவர் பையைச் சட்டென்று இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். உள்ளே புத்தகம் இருந்திருக்கலாம், கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும் என்றெல்லாம் எந்த இங்கிலீஷில் விளக்குவது? 'சாரி' என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டேன். என் ஸ்டேஷன் அதற்கும் இரண்டு தள்ளி.

தண்ணீர் பாட்டிலை அண்ணாந்து குடிப்பதை அலுவலகத்தில் வேடிக்கை பார்த்தார்கள். எச்சில் என்றால் என்னவென்று சொல்லிப் புரியவைக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. 'ஆனால் அது உன் பாட்டில்தானே?' என்று ஒருவன் கேட்டான். பதில் இல்லை என்னிடம். ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் சாத்தியிருந்த கதை வேறு. ரங்கநாதன் தெருவைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது முழுஅடைப்பு மாதிரி இருந்தது. நல்லவேளை, கையில் புளிக்காய்ச்சல் இருந்தது.

ஊர் திரும்பிய மறுநாள், அடையாறு எல்.பி. ரோட்டில் ஜீப்ரா கோட்டுக்கு முன்னால் நின்றேன். வண்டிகள் நிற்கட்டும் என்று நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கூடையோடு வந்த ஒரு பூக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். 'இன்னா தம்பி, இப்டியே நின்னுகினு இருந்தா விடிஞ்சிடும். வா' என்று சொல்லிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டியபடி இறங்கினார். மாநகரப் பேருந்தே வேகத்தைக் குறைத்தது. நான் அவருக்குப் பின்னாலேயே போய்விட்டேன்.