அம்புலன்ஸ் அழைப்பின் முதல் நிமிடம்

கேள்வி: அவசர நோயாளர் அழைப்புகளில் எதற்கு முதலில் அம்புலன்ஸ் அனுப்புவது என்பதை எப்படி மேம்படுத்தலாம்?

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே பேச்சு வந்தால் எல்லோரும் வண்டிகளைக் கூட்டச் சொல்வார்கள். அதுவும் வேண்டும்தான். ஆனால் முதலில் திருத்த வேண்டியது அழைப்பின் முதல் நிமிடம் என்பேன்.

1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது. தொலைபேசியை எடுப்பவர் கொழும்புப் பக்கம் இராஜகிரியவில் இருக்கிறார். பதற்றத்தில் நாங்கள் "பிள்ளையார் கோயிலடி" என்போம். பிள்ளையார் இல்லாத ஊர் எது? யாழ் மாவட்டத்தின் 435 கிராம சேவகர் பிரிவுகளுக்கும் 'ஜே' (J) என்று தொடங்கும் தனி இலக்கம் உண்டு. அதையும் கிட்டிய சந்தியையும் முதலிலேயே கேட்டால் பாதித் தேடல் குறையும். வீட்டில் தொலைபேசிக்குப் பக்கத்தில் அந்த இலக்கத்தை எழுதி ஒட்டிவையுங்கள்.

அடுத்து இரண்டே கேள்விகள்: நினைவு இருக்கிறதா, வழக்கம்போல மூச்சு விடுகிறாரா? இரண்டுக்கும் இல்லை என்றால் வண்டி உடனே கிளம்ப வேண்டும், மிச்சத்தை அது ஓடும்போது கேட்கலாம். இதயம் நின்றவருக்கு ஒன்றும் செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஆகவே நெஞ்சை அழுத்தும் விதத்தைத் தொலைபேசியிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. இதயம் நின்ற பிறகும் சிலர் வாயைத் திறந்து இடைவிட்டு இடைவிட்டு மூச்சை இழுப்பார்கள். வீட்டார் அதைப் பார்த்து "மூச்சு இருக்கு" என்பார்கள், அழைப்பும் பின்வரிசைக்குப் போய்விடும். "ஒவ்வொரு மூச்சுக்கும் 'இப்ப' என்று சொல்லுங்கள்" என்று கேட்டு இடைவெளியைக் கணித்தால் பிடித்துவிடலாம்.

உடனடி ஆபத்து இல்லாத அழைப்புகளில் அவசரம் வேண்டாம். இங்கிலாந்தில் 2017 முதல் அவற்றை மதிப்பிட 240 செக்கன் வரை கொடுக்கிறார்கள். மிக அவசரமானவற்றுக்கு வண்டிகளை மிச்சம் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு.

யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளான தீவகத்துக்குத் தனி விதி வேண்டும். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து கடல் கடக்க வேண்டும். அங்கிருந்து பாரதூரமான அழைப்பு வந்தால், வைத்தியர் பார்த்து முடிக்கும்வரை காத்திராமல் படகையும் கரையில் வண்டியையும் ஒரே நேரத்தில் தயார்ப்படுத்த வேண்டும். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணித்தியாலம்தான் அவகாசம். அதில் ஒரு பங்கைக் கடலே எடுத்துக்கொள்ளும்.