ஓடுபவருக்கும் நடப்பவருக்கும் ஒரே காற்றுதானே?

கேள்வி: தினமும் காலையில் பிரதான சாலையோரம் 5 கிலோமீட்டர் ஓடுகிறேன். "இவ்வளவு புகையில் ஓடாதே" என்கிறார்கள். அதே சாலையில் நடப்பவர்களும் அதே காற்றைத்தானே சுவாசிக்கிறார்கள்?

பதில்: காற்று ஒன்றுதான். உள்ளே போகும் அளவுதான் வேறு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறோம். நடந்தால் சுமார் 20 லிட்டர், ஓடினால் 60 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 5 கிலோமீட்டரை ஒருவர் ஒரு மணி நேரம் நடந்தால் 1,200 லிட்டர். நீங்கள் அரை மணியில் ஓடி முடித்தால் 1,800. பாதி நேரத்தில் முடித்தும் ஒன்றரை மடங்கு!

இதைவிட முக்கியமானது மூக்கு. பெரிய தூசியை அது பிடித்துவிடும். கந்தக டை ஆக்சைடு போல நீரில் எளிதில் கரையும் வாயுவை அதன் ஈரமே பெருமளவு உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் நிமிடத்துக்கு 35, 40 லிட்டரைத் தாண்டும்போது பெரும்பாலானோருக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். அப்புறம் அந்த வடிகட்டி பாதிதான் வேலை செய்யும். மூச்சும் ஆழமாக இறங்குவதால் நுண்துகள்கள் நுரையீரலின் காற்றறைகள் வரை போய்ப் படிகின்றன.

அதற்காக ஓட்டத்தை விடாதீர்கள், சாலையை விடுங்கள். வாகனப் புகையின் மிக நுண்ணிய துகள்கள் 100, 200 மீட்டர் தள்ளிப் போனாலே வெகுவாகக் குறைந்துவிடும். உள்தெருவோ பூங்காவோ போதும். காலைக் காற்று எப்போதும் சுத்தமானது என்றும் நம்பிவிடாதீர்கள்: குளிர்காலத்தில் புகை தரையோடு தங்கி நிற்பது பெரும்பாலும் அதிகாலையில்தான். கோடையில் வேறு கதை, வெயில் ஏறஏற நுரையீரலை எரிச்சலூட்டும் ஓசோன் வாயு தரைமட்டத்தில் கூடி பிற்பகலில் உச்சம் தொடும்.

முகக்கவசமா? என்95 துகள்களைத் தடுக்கும், வாயுக்களைத் தடுக்காது. அதை மாட்டிக்கொண்டு வேகமாக ஓடுவதும் சிரமம். துணிக் கவசத்தை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

காற்றுத் தரக் குறியீடு மோசமாக இருக்கும் நாளில் வாயை மூடியபடியே போகக்கூடிய வேகத்துக்கு இறங்கிவிடுங்கள். மிக மோசம் என்றால் வீட்டுக்குள்ளேயே உடற்பயிற்சி செய்யுங்கள். ஆஸ்துமா, இதய நோய் இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். ஓடும்போது நெஞ்சு இறுகினாலோ, மூச்சில் விசில் சத்தம் வந்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். "இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே" என்று ஓட வேண்டாம்.