ஒரு பேட்டரி மட்டும் சீக்கிரம் நிறைந்துவிடுகிறது. ராத்திரி முழுக்க சார்ஜரில் விடலாமா?

கேள்வி: என் வேப்பரைசரில் (திரவத்தையோ மூலிகையையோ சூடாக்கி ஆவியை இழுக்கும் கருவி) இரண்டு 18650 பேட்டரிகள். தூங்கப் போகும்போது சார்ஜரில் போட்டுக் காலையில் எடுப்பது வழக்கம். சில வாரங்களாக ஒன்றில் மட்டும் பச்சை விளக்கு வெகு சீக்கிரம் வந்துவிடுகிறது. அதன் மேலுறையில் லேசாக ஒரு கிழிசலும் இருக்கிறது. இரண்டிலும் கொள்ளளவு 6800 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி) என்று அச்சிட்டிருக்கிறார்கள். சார்ஜரை மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. அந்த இரண்டு பேட்டரிகளையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். நீங்கள் சார்ஜரைச் சந்தேகப்படுகிறீர்கள். நான் சந்தேகப்படுவது அந்த 6800 என்ற எண்ணை.

18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்தச் சின்ன உருளைக்குள் எவ்வளவு மின்சாரம் அடைக்க முடியும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. செல் (இப்படிப்பட்ட தனி பேட்டரி) தயாரிப்பில் பேர்போன பெரிய நிறுவனங்களே 3500-ஐ ஒட்டித்தான் நிற்கின்றன. 4000-ஐத் தொடுவதே பெரும்பாடு. வேப்பரைசருக்கு வேண்டிய, அதிக ஆம்பியர் (மின்னோட்டம்) தாங்கும் செல் என்றால் 2000 முதல் 3000 வரைதான். 6800, 9900 என்றெல்லாம் போட்டிருந்தால் அது பொய். எண்ணிலேயே பொய் சொன்னவர் உள்ளே என்ன வைத்திருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்?

இதில் கொழிப்பவர்கள் இடைத்தரகர்கள். தொழிற்சாலை கழித்துப்போட்ட செல்களையும், பழைய லேப்டாப் பேட்டரிகளை உடைத்து எடுத்த செல்களையும் மூட்டையாக வாங்குகிறார்கள். பளபளப்பான புது பிளாஸ்டிக் உறை போட்டுச் சூடுகாட்டிச் சுருக்கினால் புது பேட்டரி ரெடி. '40 ஆம்பியர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது ஓரிரு நொடி தாங்கும் அளவா, தொடர்ந்து தாங்கும் அளவா என்று சொல்லமாட்டார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது தொடர்ந்து தாங்கும் அளவை மட்டும். கையில் எடுத்துப் பாருங்கள்: நல்ல 18650 ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். அதைவிட வெகுவாக எடை குறைந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெரிய செல் தயாரிப்பாளர்களைக் கேட்டால், 'எங்கள் செல் பாதுகாப்புச் சுற்றோடு கூடிய பேட்டரித் தொகுப்புக்கானது, தனியாக விற்பதற்கல்ல' என்று கைகழுவிவிடுகிறார்கள். ஆனால் தனிச் செல் போட்டால்தான் ஓடும் சாதனம் தாராளமாக விற்பனையாகிறது. சாதனத்துக்கு ஒரு சான்றிதழ், சார்ஜருக்கு ஒரு சான்றிதழ். இரண்டுக்கும் நடுவில் வெடிக்கக்கூடிய பொருளின் உறையில் கண்டதையும் அச்சடித்து விற்றுவிடுகிறார்கள். இதைத் தட்டிக்கேட்பவர் குறைவு. பழி மட்டும் பயன்படுத்துபவர் தலையில் விழுகிறது.

ஒன்று ஏன் முந்தி நிறைகிறது என்பதற்கு வருவோம். பெரும்பாலும் அதன் கொள்ளளவு தேய்ந்திருக்கும். இரண்டு பேட்டரி போடும் சாதனங்கள் பலவற்றில் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் இருக்கும்; ஒரே வண்டியில் பூட்டிய மாடுகள். ஒன்று ஓய்ந்தாலும் மற்றது இழுத்துக்கொண்டே போகும். பல சாதனங்கள் இரண்டின் கூட்டு வோல்ட்டை மட்டுமே பார்க்கும்; கூட்டுத்தொகை சரியாகவே தெரியும். அதற்குள் நோஞ்சான் செல் 2.5 வோல்ட்டுக்கும் கீழே போய், உள்ளுக்குள் கெட்டுப்போகும். அப்படிக் கெட்டதை மறுபடி சார்ஜ் செய்யும்போதுதான் விபரீதம். மல்டிமீட்டர் இருந்தால், உபயோகித்த பிறகு இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். இரண்டும் 3.6-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. ஒன்று 3.7, மற்றொன்று 3.3 என்று காட்டினால் ஜோடி முறிந்துவிட்டது. புதிதாக வாங்கும்போது ஒரே வகையில் இரண்டாக வாங்கி, சேர்ந்தே சார்ஜ் செய்து, சேர்ந்தே பயன்படுத்தி, சேர்ந்தே கழித்துவிடுங்கள்.

கிழிசல் விஷயம். 18650-இன் மேல்முனையில் உள்ள வட்டம் மட்டும்தான் பாசிட்டிவ். பக்கச் சுவர், அடி, மேல் விளிம்பு, எல்லாமே நெகட்டிவ். உறை மூடியிருப்பது இந்த நெகட்டிவ் உலோகத்தை. கிழிந்த இடம் வேறு உலோகத்தில் பட்டால் குறுக்குச் சுற்று (ஷார்ட்) ஆகிவிடலாம். ஆகவே கிழிந்தால் பயன்படுத்தக் கூடாது. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அடிப்பக்கம் எப்படியும் திறந்துதான் இருக்கும். அங்கே மடிந்து நிற்கும் உறையின் ஓரம் லேசாகப் பிசிறியிருந்தால் ஆபத்தில்லை. அந்தப் பிசிறு பக்கவாட்டில் ஏறத் தொடங்கினால் விலக்கு முடிந்தது. பக்கவாட்டில் கிழிந்து, செல் நசுங்காமல் இருந்தால், அளவான புது உறை வாங்கிச் சுருக்கிக்கொள்ளலாம். செல்லோடு பேப்பர் போன்ற வெள்ளை வளையம் ஒன்று மேல்முனையில் இருக்கும், அதைத் தவறாமல் திரும்ப வையுங்கள். பாசிட்டிவும் நெகட்டிவும் ஒன்றை ஒன்று தொட்டுவிடும் தூரத்தில் இருப்பது அங்கேதான். அங்கே கிழிந்திருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும், இன்னும் ஒருமுறை என்று சார்ஜரில் போடவே கூடாது. இன்சுலேஷன் டேப் சுற்றிச் சமாளிக்கவும் வேண்டாம்.

சார்ஜர் 4.2 வோல்ட்டில் தானாக நிற்க வேண்டும், ஒவ்வொரு குழியும் தனித்தனியாக இயங்க வேண்டும். ஒரு ஆம்பியர் வேகம் போதும், 3000 எம்.ஏ.எச். செல் நான்கு மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும். இரண்டு ஆம்பியர் அவசரம் எதற்கு? நல்ல சார்ஜர் தானாக நின்றுவிடுமே, தூங்கினால் என்ன என்பார்கள். நிற்காத ஒருநாள் அதைப் பார்க்க யாராவது விழித்திருக்க வேண்டும். மாலையில், நீங்கள் நடமாடும் அறையில், டைல்ஸ் மாதிரி தீப்பிடிக்காத பரப்பின் மேல் சார்ஜ் செய்யுங்கள். மெத்தை, சோபா, திரைச்சீலை பக்கத்தில் வேண்டாம். இளஞ்சூடு சகஜம். கையில் பிடிக்க முடியாத சூடு வந்தால் சுவர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். 'உஸ்' என்ற சத்தமோ புகையோ வந்தால் செல்லைத் தொடாமல் எல்லோரையும் வெளியேற்றித் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

கழித்த இரண்டையும் குப்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள், சாவி, சில்லறையோடு பாக்கெட்டிலும் போடாதீர்கள். இரு முனைகளிலும் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.