கோலாலம்பூரில் கன்டென்ட் ரிவ்யூவர் வேலை: கோட்டையூர்த் தம்பிக்குப் பதில்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக வைத்துவிடுகிறேன். காரைக்குடியில் டிகிரி முடித்துவிட்டுக் கோட்டையூரில் இருக்கிறீர்கள். கோலாலம்பூரில் ஒரு பிபிஓ கம்பெனி, அதாவது பெரிய நிறுவனங்களின் வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்யும் கம்பெனி, தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களைக் கன்டென்ட் ரிவ்யூவர் வேலைக்கு எடுக்கிறது. ஆன்லைன் இன்டர்வியூ முடிந்துவிட்டது, ஆஃபர் லெட்டர் வரப்போகிறது. "உட்கார்ந்து வீடியோ பார்க்கிற வேலைதானே அக்கா, வரலாமா? அம்மாவிடம் என்ன வேலை என்று சொல்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரலாம். ஆனால் எப்போது விடப்போகிறோம் என்பதையும் வரும்போதே முடிவு செய்துகொண்டு வாருங்கள். நான் பள்ளத்தூர்க்காரி. இங்கே வந்து பல வருடம் இதே வேலையைச் செய்தேன், இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நன்றாக இருக்கும் பிள்ளைகளையும் பார்க்கிறேன், ஒடிந்துபோன பிள்ளைகளையும் பார்க்கிறேன். மனசு திடமானவர்கள் தப்பித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். காலத்தோடு வேறு வேலைக்கு மாறிக்கொண்டவர்களும், மனம் விட்டுப் பேச ஆள் இருந்தவர்களும்தான் தப்பித்தார்கள்.

வேலை இதுதான். ஃபேஸ்புக், யூடியூப், டிக்டாக் மாதிரித் தளங்களில் மக்கள் போடும் வீடியோ, படம், கமெண்ட் எல்லாவற்றையும் முதலில் மெஷின் சலித்துவிடும். மெஷினுக்குச் சந்தேகம் வந்தவையும், யாராவது ரிப்போர்ட் அடித்தவையும் வரிசையாக உங்கள் திரைக்கு வரும். அதை க்யூ என்போம். ஒரு பக்கம் வீடியோ, அதன் கீழே சில விநாடிக்கு ஒன்றாக வெட்டி வைத்த சின்னச் சின்னப் படங்கள், இன்னொரு பக்கம் பாலிசி, அதாவது எதை விடலாம், எதை விடக்கூடாது என்ற தளத்தின் விதிகள். எந்த விதியை மீறுகிறது, எந்த அளவுக்கு மீறுகிறது என்று பார்த்து அழுத்த வேண்டும். அழுத்தியவுடன் அடுத்தது வந்து நிற்கும். அது என்ன என்று முன்கூட்டித் தெரியாது. பணியாரம் சுடுகிற வீடியோவுக்கு அடுத்து விபத்தில் இறந்தவர் வரலாம். உள்ளே போன், பேனா, காகிதம் எதையும் கொண்டுபோக விடமாட்டார்கள். நீங்கள் எடுத்த முடிவுகளில் சிலவற்றை க்யூஏ ஆட்கள், அதாவது தரம் பார்ப்பவர்கள், திரும்பப் பார்த்து மார்க் போடுவார்கள். 100-க்கு 95-க்குக் கீழே போனாலே கூப்பிட்டு விசாரிக்கும் இடங்கள் உண்டு.

பாலிசி ஆங்கிலத்தில், உலகம் முழுமைக்கும் பொதுவாக எழுதியிருக்கும். அதை நம் ஊர் வீடியோவுக்குப் பொருத்திப் பார்க்கத்தான் உங்களை எடுக்கிறார்கள். சிராவயல் மஞ்சுவிரட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தை பிறந்த வாரத்தில் அந்த வீடியோக்கள் வந்து குவியும். மிருகவதை என்று மெஷின் ஒரு குறி போட்டிருக்கும், ரத்தம் என்று இன்னொரு குறி. மஞ்சுவிரட்டைப் பற்றி ஒன்றும் அறியாதவர் கையில் கிடைத்தால் அத்தனையும் போய்விடும். நமக்குத் தெரியும், 2017-ல் தமிழ்நாடு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதைச் செல்லும் என்றது. அதனால் விளையாட்டு என்ற அளவில் அது இருக்கலாம். ஆனால் நாற்பதாவது விநாடியில் மாடு ஒருவரைக் குத்தித் தூக்குகிறது. விழுந்தவரின் வயிற்றுக் காயத்தை கேமரா கிட்டே போய்க் காட்டுகிறது. இப்போது அது விளையாட்டு வீடியோவா, கோரக் காட்சியா? காயம் எவ்வளவு நேரம் தெரிகிறது, போட்டவர் என்ன தலைப்பு வைத்திருக்கிறார், எச்சரிக்கைத் திரை போட்டு விடலாமா, எடுத்தே ஆக வேண்டுமா என்று பார்க்க வேண்டும். ஒரே காட்சி செய்தி என்று வந்தால் ஒரு முடிவு, செத்தவரைக் கேலி செய்து சிரிக்கும் எமோஜியோடு வந்தால் வேறு முடிவு. இதற்கெல்லாம் உங்களுக்கு இருப்பது ஒரு நிமிடம், சில க்யூவில் அதுவும் இல்லை.

கருப்பர் கோயிலில் சாமியாடி அரிவாள் மேல் ஏறி நிற்பதை ஆயுத மிரட்டல் என்று மெஷின் பிடித்துக்கொண்டு வரும். அலகு குத்துவதை உடலை வதைத்துக்கொள்வது என்று பிடிக்கும். இதெல்லாம் சுலபம், ஒரு வாரத்தில் கை பழகிவிடும். சாதி வீடியோதான் கஷ்டம். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இருக்காது. ஒரு துண்டின் நிறம், ஒரு ஊர்ப் பெயர், ஒரு பாட்டு, பின்னால் இரண்டு பைக். வடக்கத்தி ஆள் பார்த்தால் பையன்கள் ஊர்வலம் போகிறார்கள் என்று விட்டுவிடுவார். யாரை எந்தத் தெருவில் வைத்து மிரட்டுகிறார்கள் என்பது நம் பக்கத்து ஆளுக்குத்தான் தெரியும். அந்த வீடியோ நிற்பதா போவதா என்பதில் ஊரில் ஒருவர் அடிபடுவதும் படாமல் இருப்பதும் அடங்கியிருக்கிறது. தம்பி, வீடியோ பார்க்கிற வேலைதானே என்று கேட்டீர்களே, இதனால்தான் எனக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் வலித்தது. இது பொறுப்பான வேலை. நம் மொழிக்காரர்கள் இல்லாவிட்டால் நம் மக்களுக்கு ஆபத்து.

அப்புறம் இருட்டான பக்கம். கொலை, தற்கொலை, குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமை எல்லாம் வரும், மறைக்க மாட்டேன். குழந்தைகள் சம்பந்தப்பட்ட பழைய படங்களைக் கைரேகை மாதிரிக் குறியீடு வைத்து மெஷினே தடுத்துவிடுகிறது. போட்டோடிஎன்ஏ என்ற அந்த முறை 2009-ல் வந்தது. ஆனால் புதிதாக எடுத்தது எந்தப் பட்டியலிலும் இருக்காது, அதை ஒரு மனிதக் கண்தான் முதலில் பார்க்கிறது. லைவ் க்யூவில் ஒருவர் தன் உயிரைப் போக்கிக்கொள்ளப் போகிறார் என்று தெரிந்தால் உடனே மேலே அனுப்ப வேண்டும், அங்கிருந்து போலீசுக்குத் தகவல் போகும். அனுப்பியபின் அவர் பிழைத்தாரா என்று உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். அதுவே பலரைத் தின்கிறது.

தமிழ் க்யூவுக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. வேற்று மொழி வீடியோவில் அலறல் வெறும் சத்தம். தமிழில் ஒவ்வொரு சொல்லும் புரியும். விபத்து வீடியோவில் கிடக்கும் வண்டியின் நம்பர் டிஎன் 63 என்று தொடங்கினால் நம் சிவகங்கை மாவட்டம், கை தானாக நின்றுவிடும். மானகிரி விலக்கா, குன்றக்குடி ரோடா, யார் வீட்டுப் பிள்ளையோ என்று மனசு தேடத் தொடங்கிவிடும். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

இது மனப்பிரமை இல்லை. அமெரிக்காவில் 2018-ல் ஒரு முன்னாள் ரிவ்யூவர் ஃபேஸ்புக் மீது போட்ட வழக்கில், 2020-ல் அந்த நிறுவனம் 5.2 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள ஒப்புக்கொண்டது. அங்கே இந்த வேலை பார்த்தவர்களுக்கு ஆளுக்குக் குறைந்தது 1,000 டாலர், மனநோய் உறுதியானவர்களுக்கு அதற்கு மேல். கென்யாவில் இதே மாதிரி ஒரு வழக்கில், 140-க்கும் மேற்பட்ட ரிவ்யூவர்களுக்கு அதிர்ச்சிக்குப் பின்வரும் மன அழுத்த நோய் இருப்பதாக மருத்துவர் கொடுத்த அறிக்கை 2024 கடைசியில் வெளியே வந்தது. மலேசியாவில் இருந்துகொண்டு அந்த மாதிரி நஷ்டஈடு வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். ஒப்பந்த கம்பெனியின் ஆளாக, அந்த கம்பெனியின் பெயரில் எடுத்த பாஸில், அதாவது வேலை அனுமதியில், இருப்பீர்கள்.

பாதுகாப்புக்கு என்ன செய்யலாம்? முடிந்தவரை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள், தேவைப்படும் இடத்தில் மட்டும் கேளுங்கள். கறுப்பு வெள்ளையாக்கும் பட்டன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், ரத்தம் சிவப்பாகத் தெரியாததே பாதி நிம்மதி. முழுத்திரையில் பார்க்க வேண்டாம், கீழே உள்ள சின்னப் படங்களிலேயே முடிவு தெரிந்துவிட்டால் வீடியோவை ஓட்டவே வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டில் 2009-ல் ஒரு ஆய்வு செய்தார்கள். கோரமான படம் காட்டி அரை மணி நேரம் கழித்துச் சிலரை டெட்ரிஸ் என்ற கட்டம் அடுக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டை விளையாட விட்டதில், அவர்களுக்கு அந்தக் காட்சிகள் மனதில் திரும்பத் திரும்ப வருவது குறைந்திருந்தது. நான் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகளிடம் இடைவேளையில் போனில் ரீல்ஸ் பார்க்காமல் அதை விளையாடச் சொல்கிறேன். இன்னொன்று, கம்பெனி வைத்திருக்கும் கவுன்சிலரிடம் நன்றாக இருக்கும்போதே போய்ப் பேசிப் பழகுங்கள். தமிழில் பேசுகிறவர் இருக்கிறாரா என்று சேரும் முன்பே கேளுங்கள். ராத்திரி தூக்கம் வராததை ஆங்கிலத்தில் சொல்லி ஆறுதல் வாங்குவது கடினம்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள்தான். எந்தத் தளத்துக்கு வேலை செய்கிறோம், என்ன பார்த்தோம் என்பதை வெளியே சொல்லக்கூடாது. ஆனால் "மக்கள் போடுகிற கெட்ட வீடியோவை எல்லாம் பார்த்து நீக்குகிற வேலை, சில நாள் மனசு கனமாக இருக்கும்" என்று பெற்றவளிடம் சொல்வதை எந்த ஒப்பந்தமும் தடுக்காது. "கம்ப்யூட்டர் வேலை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்த பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்பிட்டியா" என்ற கேள்விக்கு மேல் பேச ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் சொல்லவே முடியாது என்றால் அண்ணனோ நண்பனோ ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

காலக்கெடு பற்றி. நம் பக்கத்தில் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன பெரியவர்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மூன்று வருடக் கணக்கு பேசித்தான் கப்பல் ஏறினார்கள். கணக்கு முடிந்ததும் ஊர் திரும்பி, வேண்டுமானால் மறுபடி போனார்கள். அந்த ஏற்பாடு இந்த வேலைக்கு மிகவும் பொருந்தும். இரண்டு வருடம், மிஞ்சிப் போனால் மூன்று. அதற்குள் க்யூஏ, பயிற்சி, பாலிசிப் பக்கம் அல்லது வெளியே வேறு வேலைக்கு நகர்ந்துவிட வேண்டும். நீங்களே நகராவிட்டால் மெஷின் நகர்த்திவிடும். 2024 அக்டோபரில் டிக்டாக் மலேசியாவில் 500-க்குச் சற்றுக் குறைவான ஆட்களை வேலையை விட்டு நீக்கிவிட்டது, பெரும்பாலோர் இந்த வேலைக்காரர்கள். விதியை மீறும் பதிவுகளில் சுமார் 80 சதவீதத்தை மெஷினே நீக்கிவிடுகிறது என்று அந்த நிறுவனமே அப்போது சொன்னது. வேலை போனால் பாஸும் போகும், பாஸ் போனால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தனியே போட்டு வைத்த பிறகு வீட்டுக்கு அனுப்புங்கள்.

சம்பளத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு வருடத்தில் 182 நாள் இங்கே இருந்ததாகக் கணக்கு வரும்வரை நீங்கள் வரிக்கு வெளியாள், 30 சதவீதம் நேராகப் பிடித்துவிடுவார்கள். உள்ளூர்க் கணக்குக்கு வந்தபின் வரி வெகுவாகக் குறையும், கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பக் கேட்கலாம். வருடக் கடைசியில் வந்து இறங்குகிறவர்களுக்கு இந்த முதல் சில மாதம் ரொம்ப இடிக்கும், அதனால் சேரும் தேதியைப் பேசிப் பாருங்கள். வீட்டுக்கு முதல் மாத வாடகையோடு இரண்டு மாத முன்பணம், மின்சாரம் தண்ணீருக்கு இன்னும் அரை மாதம் கேட்பார்கள். சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, கோலாலம்பூரில் நம்மவர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் எல்லாம் கிடைக்கும். திருச்சியிலிருந்து நேர் விமானம், நாலு மணி நேரம்.

கடைசியாக, இதைக் கவனமாகப் படியுங்கள். இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பரிலிருந்து விசா இல்லாமல் 30 நாள் அனுமதி கொடுத்தது. "அப்படியே வந்துவிடு, பாஸ் பிறகு எடுத்துக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வேலைக்கான அனுமதியைக் கம்பெனிதான் முன்கூட்டியே வாங்கி அனுப்ப வேண்டும், அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். கோலாலம்பூர் என்று பேசிவிட்டுக் கடைசி நேரத்தில் பாங்காக் டிக்கெட் கொடுத்தாலும் ஏறாதீர்கள். டைப்பிங் வேலை, டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று கூட்டிப்போய் மியான்மர் எல்லையில் மோசடிக் கும்பலிடம் விட்டதாகப் பல தமிழ்ப் பிள்ளைகளின் கதை 2022-லிருந்து வந்துகொண்டே இருக்கிறது, வெளியுறவுத் துறையே எச்சரிக்கை விட்டிருக்கிறது. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இமைகிரேட் தளத்தில் பாருங்கள்.

ஆஃபர் லெட்டர் வந்ததும் மூன்று விஷயம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்: எந்த மாதிரி க்யூ, ஒரு ஷிப்டில் எவ்வளவு நேரம் கோரக் காட்சி, பாதியில் விட்டால் எவ்வளவு பணம் கட்ட வேண்டும். கடைசி விஷயத்தில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். கம்பெனி பெயரை மறைத்துவிட்டு அந்தப் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை கையெழுத்துப் போட வேண்டாம்.