வாடகை 38 சதவீதம்: தள்ளிப் போய்விடலாமா?

வாசகி ஒருவரின் கேள்வி: “நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். நான்கு வயதில் ஒரு மகன். இருவருடைய அலுவலகமும் வீட்டிலிருந்து 20 நிமிடம்தான். ஆனால் கைக்கு வரும் சம்பளத்தில் 38 சதவீதம் வாடகைக்கே போய்விடுகிறது. 30-ஐத் தாண்டவே கூடாது என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். நகரத்துக்கு வெளியே 28 கிலோமீட்டர் தள்ளி இதே அளவு வீடு, 22 சதவீத வாடகையில் கிடைக்கிறது. 40 நிமிடத்தில் அலுவலகம் வந்துவிடலாம் என்கிறார் ஏஜென்ட். போய்விடலாமா? வாடகைக்கு எதற்கு, அங்கேயே வாங்கிவிடுங்கள் என்றும் சொல்கிறார்.”

முதலில் அந்த 30-ஐத் தூக்கி ஓரமாக வையுங்கள். அது வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை. அமெரிக்காவில் அரசு வீடுகளில் குடியிருக்கும் ஏழைகளிடம் அதிகபட்சம் எவ்வளவு வாடகை வாங்கலாம் என்று வைத்த வரம்பு அது. 1969-ல் 25 சதவீதம் என்று வைத்தார்கள், 1981-ல் அரசின் செலவைக் குறைக்க வேண்டியிருந்தபோது அதை 30 ஆக்கினார்கள். அவ்வளவுதான் அதன் பூர்வீகம். அதை எடுத்துக்கொண்டு ஊர் உலகத்துக்கெல்லாம் பாடம் நடத்துகிறார்கள், உங்கள் தூக்கத்தையும் கெடுத்திருக்கிறார்கள்.

அந்த எண்ணில் பெரிய ஓட்டை என்னவென்றால், வீட்டிலிருந்து வேலைக்குப் போக என்ன ஆகிறது என்பது அதில் இல்லவே இல்லை. சிகாகோவில் உள்ள சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி என்ற அமைப்பு, வீட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் சேர்த்தே பார்க்க வேண்டும், இரண்டும் சேர்ந்து வருமானத்தில் 45 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எனக்கு இது கொஞ்சம் நியாயமாகப் படுகிறது. உங்கள் குடும்ப வருமானம் 100 என்று வைத்துக்கொள்வோம். இப்போது வாடகை 38, போக்குவரத்துக்கு ஒரு 3, ஆக 41. அங்கே போனால் வாடகை 22, இரண்டு பேரும் தனித்தனி வண்டியில் அவ்வளவு தூரம் ஓட்டினால் போக்குவரத்து 9-க்குக் குறையாது, ஆக 31. இரண்டுமே 45-க்குள்தான் இருக்கின்றன. அதனால் நீங்கள் மூழ்கிக்கொண்டிருக்கவில்லை. நிதானமாக முடிவெடுக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது.

(அந்த 9-ல் பெட்ரோலை மட்டும் போடாதீர்கள். டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ், வண்டி சீக்கிரம் பழசாகிப் போவது எல்லாமே சேர்த்தி. பெட்ரோலை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு லாபம் என்று நினைத்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.)

ஆக, மாதம் 16 மிச்சம் என்று ஏஜென்ட் சொல்வது உண்மையில் 10-தான். சரி, அந்த 10-க்கு நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள்? நேரம். அதற்கும் ஒரு விலை உண்டு. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை ஒரு சாலைத் திட்டத்தால் என்ன பலன் என்று கணக்குப் போடும்போது, மக்களின் அன்றாடப் பயண நேரத்துக்கு அவர்களுடைய மணிநேர வருமானத்தில் பாதியை மதிப்பாக வைக்கிறது. கோடிகளில் பாலம் கட்டும்போது உங்கள் நேரத்துக்கு மதிப்பு உண்டு, நீங்கள் வீடு தேடும்போது மட்டும் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, இதுதான் எனக்கு எரிச்சல்.

இதைச் சுருக்கிச் சொல்கிறேன், பேப்பர் பேனா வேண்டாம். ஒரு நாள் வேலை என்பது 8 மணி நேரம், அதாவது 480 நிமிடம். தினமும் பயணத்தில் கூடுகிற ஒவ்வொரு 10 நிமிடமும், பாதி மதிப்பில் பார்த்தால், சம்பளத்தில் ஏறக்குறைய 1 சதவீதம். இருவருக்கும் ஒரே அளவு நேரம் கூடினால், அந்த 1 சதவீதம் அப்படியே குடும்ப வருமானத்துக்கும் பொருந்தும். போக, வர இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், மறந்துவிடாதீர்கள்.

இப்போது ஏஜென்டின் 40-ஐ எடுத்துக்கொள்வோம். ஒருவழிக்கு 20 நிமிடம் கூடுகிறது, போக வர 40. அது 4 சதவீதம். 10 மிச்சம், 4 செலவு. தாராளமாகப் போகலாம். ஆனால் ஒருவழி 70 நிமிடம் என்றால்? போக வர 100 நிமிடம் கூடுகிறது, 10 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது, மிச்சம் என்று சொன்ன 10-ம் அதில் கரைந்துவிட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். உங்கள் எல்லைக்கோடு ஒருவழிக்கு 68 நிமிடத்தில் விழுகிறது. ஆகவே நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வாடகையைப் பற்றியதே இல்லை, அந்த 40 நிமிடம் உண்மையா என்பதுதான்.

உண்மையாக இருக்காது. ஏஜென்டின் நிமிடம் வேறு, கடிகாரத்தின் நிமிடம் வேறு. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவரை ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு வீடு பார்க்கக் கூட்டிப் போயிருக்கிறார்கள். வண்டியில் ஏறியதிலிருந்து ஏஜென்ட் பேச்சை நிறுத்தவே இல்லை, பக்கத்தில் வரப்போகிற ரயில் நிலையம், வரப்போகிற பள்ளி, வரப்போகிற மருத்துவமனை, எல்லாமே வரப்போகிறவை. பேச்சு சுவாரஸ்யத்தில் யாரும் மணி பார்க்கவில்லை. வழியில் ஒரு ரயில்வே கேட், திறந்து கிடந்தது, கடந்துபோனதே இவர்களுக்கு நினைவில்லை. குடிபோன பிறகு வந்த முதல் திங்கட்கிழமை காலை அதே கேட்டுக்கு முன்னால் வண்டியை அணைத்துவிட்டு நின்றிருக்கிறார். ஒரு ரயில் போனது, கேட் திறக்கவில்லை, எதிர்த்திசையில் இன்னொன்றும் போக வேண்டியிருந்தது. அந்த கேட்டுக்கு மட்டும் தினமும் கால் மணி நேரம். வாடகை ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்குப் போட்டிருந்தார், நடுவில் காலி செய்தால் முன்பணம் போய்விடும் என்ற ஷரத்தோடு.

அதனால் கதவுக்குக் கதவு அளக்க வேண்டும். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போடும் நொடியிலிருந்து அலுவலக நாற்காலியில் உட்காரும் நொடி வரை. காலிச் சாலையில் 40 என்றால் அலுவலக நேர நெரிசலில் 55 என்று வையுங்கள், பையனைப் பள்ளியில் இறக்கிவிட ஒரு 7, வண்டி நிறுத்த இடம் தேடி, லிஃப்டுக்கு நின்று மேலே ஏற ஒரு 8. இப்படித்தான் 70 வந்தது, நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை ஒருமுறை, வெள்ளி மாலை ஒருமுறை, முடிந்தால் மழை நாளில் ஒருமுறை நீங்களே போய் வாருங்கள். ஏஜென்ட் கூட வர வேண்டாம். சராசரியைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம், மோசமான நாள் எவ்வளவு என்பதைப் பாருங்கள். பள்ளி மூடுகிற நேரம் சராசரிக்குக் கட்டுப்படாது, மோசமான நாளிலும் அதே நேரத்துக்குத்தான் மூடும். வகுப்பில் காய்ச்சல் அடிக்கிறது என்று போன் வந்தால் 20 நிமிடத்தில் போய் நிற்க முடிகிற இடத்துக்கும் 70 நிமிடம் ஆகிற இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் எந்தச் சதவீதத்திலும் அடைக்க முடியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

‘பழகிவிடும்’ என்று சொல்வார்கள். வீடு பழகிவிடும், அது உண்மை. பெரிய வரவேற்பறை மூன்றே மாதத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகும். நெரிசல் பழகாது, ஏனென்றால் அது தினம் ஒரு மாதிரி வருகிறது. சூரிச்சைச் சேர்ந்த அலோய்ஸ் ஸ்டட்சர், புருனோ ஃப்ரை என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியில் பல வருடத் தரவுகளைப் பார்த்தார்கள். நீண்ட தூரம் போய்வருபவர்களுக்கு மலிவான வீடோ நல்ல சம்பளமோ அந்தச் சிரமத்தை ஈடுகட்டியிருக்க வேண்டும், ஆனால் அவர்கள் வாழ்க்கையில் திருப்தி குறைவு என்றே சொன்னார்கள். உளவியலாளர் டேனியல் கானமனும் சகாக்களும் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளை வேலை வேலையாகப் பிரித்துக் கேட்டு 2004-ல் வெளியிட்டார்கள். மகிழ்ச்சி தருவதில் கடைசி இடம் காலைப் பயணத்துக்கு.

ஒரே ஒரு விலக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வைத்துத்தான் ஏஜென்ட்கள் அதிகம் ஏமாற்றுகிறார்கள். ரயிலில் உட்கார்ந்து போக முடிந்தால் நேரத்தின் விலை குறையும். தூங்கலாம், படிக்கலாம், ஒன்றும் செய்யாமல் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் ‘ரயில் இருக்கிறது’ என்பது வேறு, ‘உட்கார இடம் இருக்கிறது’ என்பது வேறு. ரயில் புறப்படும் முதல் நிலையத்தில் ஏறினால் காலையில் இடம் கிடைக்கும். மாலையில்? நகரத்தின் நடுவே, வண்டி ஏற்கெனவே நிரம்பி வரும் நிலையத்தில் நீங்கள் ஏறுவீர்கள், பாதி வழி நின்றுகொண்டுதான். அப்படியானால் காலைக்கு மட்டும் விலையைப் பாதியாக்குங்கள், மாலைக்கு முழுசாகப் போடுங்கள். நடுவில் வண்டி மாற வேண்டியிருந்தால் அந்தச் சலுகையும் கிடையாது, பத்து நிமிடத் துண்டில் யாரும் தூங்க முடியாது. நிலையத்துக்கு வீட்டிலிருந்து நடந்து போக முடியுமா என்றும் பாருங்கள், வண்டியில் போய் அங்கே நிறுத்த வேண்டுமென்றால் அதற்கும் நேரம், அதற்கும் காசு. முக்கியமாக, ரயில் இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் ஓடுகிற ரயிலில் யாரும் உட்கார முடியாது.

இனி வாங்குவது பற்றி. வேண்டாம், இப்போது வேண்டாம். முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். வாங்கிவிட்டு ஆறு மாதத்தில் ‘முடியவில்லை’ என்று விற்கப் போனால் பதிவுச் செலவு, கமிஷன், கடன் கட்டணம் எல்லாம் கைவிட்டுப் போகும். எவ்வளவு கடன் கிடைக்கும் என்று வங்கியில் சொல்வார்கள், எவ்வளவு கடனோடு உங்களால் வாழ முடியும் என்று சொல்ல மாட்டார்கள். கடன் விண்ணப்பத்தில் அப்பா பெயர் கேட்கிறார்கள், பழைய முகவரி கேட்கிறார்கள், ஆனால் தினமும் எத்தனை நிமிடம் பயணம் என்று கேட்கிற ஒரு விண்ணப்பத்தை நான் இதுவரை பார்க்கவில்லை. பேருந்தே போகாத இடத்தில் நூறு நூறாக வீடு கட்ட அனுமதி கொடுத்துவிட்டு, அப்புறம் நெரிசல் நெரிசல் என்று கமிட்டி போடுகிறவர்களை என்ன சொல்வது. கடன் வாங்கித் தருகிறேன் என்று அந்த ஏஜென்டே சொன்னால், அவருக்கு அங்கேயும் கமிஷன் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் 38-ஐயே கட்டிக்கொண்டிருப்பதா என்று கேட்பீர்கள். இடையில் ஒரு வழி இருக்கிறது, அதை ஏஜென்ட் காட்ட மாட்டார், ஏனென்றால் அங்கே அவரிடம் வீடு இல்லை. நகர மையத்திலிருந்து தள்ளிப்போகப் போக வாடகை எப்படி இறங்குகிறது என்று வில்லியம் அலான்சோ என்ற நகரப் பொருளாதார அறிஞர் 1964-லேயே கோட்பாடாக எழுதிவிட்டார். பொதுவாக அந்த இறக்கம் ஆரம்பத்தில் செங்குத்தாக இருக்கும், தூரம் போகப்போகத் தட்டையாகிவிடும். அதாவது ஆரம்பக் கிலோமீட்டர்களிலேயே மிச்சத்தில் பெரும்பங்கு வந்துவிடும், அதற்கப்புறம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் குறைகிற வாடகை கொஞ்சம்தான், கூடுகிற நேரம் மட்டும் அப்படியே கூடும். 28-ஐ விட்டுவிட்டு 10, 12 கிலோமீட்டரில் தேடுங்கள். இல்லையென்றால் இப்போதிருக்கிற பகுதியிலேயே ஓர் அறை குறைந்த வீடு. ‘இதே அளவு வீடு’ என்று எழுதியிருக்கிறீர்கள், நான்கு வயதுப் பையனோடு மூன்று பேருக்கு இதே அளவு வேண்டுமா என்று வீட்டில் ஒருமுறை பேசிப் பாருங்கள். அதோடு உங்கள் வீட்டுக்காரரிடம், வாடகை வாங்குகிறவரைச் சொல்கிறேன், நேராகப் போய்க் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒழுங்காகக் கட்டுகிற குடித்தனக்காரரை இழந்து ஒரு மாதம் வீட்டைக் காலியாகப் போட்டாலே ஒரு வருட வாடகையில் எட்டு சதவீதத்துக்கு மேல் அவருக்கு நஷ்டம். இந்தக் கணக்கு அவருக்கும் தெரியும்.

ஏஜென்டிடம் ஏதாவது முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால், எந்த வீட்டுக்கு, எந்தத் தேதி வரை, வீடு வேண்டாமென்றால் எவ்வளவு திரும்ப வரும் என்று எழுதிய ரசீதை இன்றைக்கே கேட்டு வாங்குங்கள். கொடுக்கவில்லை என்றால், திங்கட்கிழமை காலைப் பயணம் முடிகிற வரை கொடுக்காதீர்கள்.