மூன்றாம் நாள் தோசை: கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டில் மாவு அரைத்த மறுநாள் இட்லி, அதற்கப்புறம் தோசை. மூன்றாம் நாள் தோசை மட்டும் எவ்வளவு நேரம் விட்டாலும் வெளுத்தே கிடக்கிறது. கல் காயவில்லை என்கிறார் மாமியார். கடைத் தோசை சிவப்பாக இருப்பது கலர் பொடியால்தான் என்கிறான் மகன். யார் சொல்வது சரி?

கே., திருநெல்வேலி

அன்புள்ள கே.,

மாமியார் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மாவில் பெரும்பகுதி தண்ணீர். அது ஆவியாகித் தீரும்வரை தோசையின் சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். சிவக்க 140-க்கு மேல் போக வேண்டும். ஓரம் மெல்லிசு, சீக்கிரம் காய்ந்து முதலில் சிவக்கிறது. கரண்டி மாவை ஊற்றிய நடு இடம் கடைசிவரை வெள்ளை.

ஆனால் உங்கள் வீட்டுச் சிக்கல் கல்லில் இல்லை, மாவில். சிவப்புக்கு இரண்டு சரக்கு வேண்டும்: உளுந்தின் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலம், மாவிலுள்ள சர்க்கரை. சூட்டில் இவை இரண்டும் சேர்ந்துதான் அந்த நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சுக்காரர் மயார் பெயரால் இது மயார் வினை. மாவைப் பொங்க வைக்கும் பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையைத்தான் தின்று வாழ்கின்றன. மூன்றாம் நாளைக்குள் பெரும்பாலும் காலி. தின்றதற்குப் பதிலாக லாக்டிக் அமிலத்தை விட்டுவைக்கின்றன. புளிப்பு ஏற ஏற அமினோ அமிலம் சர்க்கரையோடு சேர மறுக்கும். சரக்கும் குறைவு, இருப்பதும் ஒட்டாது. தீயைக் கூட்டினால் அங்கங்கே கருகும், அவ்வளவுதான்.

நேற்றுக் காலை புளித்த மாவில் இரண்டு கரண்டி தனியே எடுத்து, ஒன்றில் கால் ஸ்பூன் சீனி கலந்து, ஒரே கல்லில் பக்கத்துப் பக்கத்தில் சின்னதாக ஊற்றினேன். சீனி போட்டது திருப்பும்போதே செம்பழுப்பு. மற்றது சுண்ணாம்பு அடித்த சுவர். ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவும் புளிப்பை முறித்துச் சிவக்க வைக்கும். எனக்கு அந்த வாடை ஆகாது.

பல கடைகளில் நடப்பதும் இதுதான். மாவில் துளி சீனி, அரைக்கும்போது ஒரு கைப்பிடி கடலைப்பருப்பு. கலர் பொடி தொடாத கடையே கிடையாது என்று உங்கள் மகனிடம் நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அது இல்லாமலே காரியம் நடக்கும்.

கல்லைப் பற்றி ஒன்று. தெளித்த தண்ணீர் பாதரசம் மாதிரி உருண்டு ஓடினால் சூடு அதிகம். அப்போது ஊற்றினால் அரிசி மாவுச்சத்து உடனே வெந்து இறுகி, தேய்க்கும்போது கரண்டியோடு சுருண்டு வரும். இன்னும் கொஞ்சம் தெளித்துத் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். சீனி கால் ஸ்பூனுக்கு மேல் வேண்டாம், கல்லில் பிடித்துக்கொள்ளும்.

நாலாம் நாளும் மாவு மிஞ்சினால் வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம் சுடுங்கள். அதற்கு அந்தப் புளிப்புதான் ருசி.